கூடார மந்திரம்

எல்லாரும் அண்ணி என்று கூப்பிடும் அவள், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பகலெல்லாம் நீராவியில் வெந்துவிட்டு வந்து விடுகிற கொட்டாவிக்குள் ஓர் ஒட்டகம் நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியும் வரலாம். சாப்பாட்டு மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தேநீர் ஆறி ஆடை படிந்திருக்கிறது. ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடும் பகடை விளையாட்டின் பாலைவனக் கதைக்காகப் பதினைந்தாம் நிலை மந்திரக்காரி ஒருத்தியை அவள் பென்சிலால் உருவாக்கிக்கொண்டிருக்கிறாள். போன ஆட்டத்தில் நெருப்பு மந்திரங்களாகவே வாங்கிக் குவித்து, குடிக்கச் சொட்டுத் தண்ணீரில்லாமல் மொத்தக் கூட்டத்தையும் மணலில் கருவாடாக்கியவள் அவள்தான். இன்று தண்ணீர் மந்திரத்தை முதலிலேயே எழுதிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு மந்திரத்துக்குத்தான் இடமிருக்கிறது. "புயலை எடுங்க அண்ணி. மணல் பூதம் வருது. இந்தத் தடவையும் செத்தோம்னா கதையே முடிஞ்சுது," என்கிறான் கதையை நடத்தும் கொழுந்தன். "பூதம் கிடக்குது போடா. படுக்க ஏதாவது இருக்கா?" "கூடார மந்திரம் இருக்கு. பூதத்துக்கு இருபது முகப் பகடையில இருபதே விழுந்தாத்தான் உள்ள வந்து எழுப்ப முடியும். ஆனா அதை எவனும் எடுக்க மாட்டான்." "நான் எடுத்தாச்சு." எழுதிய பென்சில் விரலிலேயே நிற்க, கன்னம் தாளின்மேல் சாய்கிறது. குறட்டை கிளம்புகிறது, அட்டையில் செய்த மணற்குன்றுகள் ஊர் விட்டு ஊர் போகின்றன. "எழுப்புடா, ஆட்டம் ஆரம்பிக்கணுமே," என்கிறான் ஆடக் காத்திருக்கும் கணவன். கொழுந்தன் யோசிக்கிறான். தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து மேசையில் போட்டு, அதன்மேல் சத்தமில்லாமல் பூதத்தின் பகடையை உருட்டுகிறான். மூன்று விழுகிறது. "பூதத்தால எழுப்ப முடியலண்ணே," என்று கிசுகிசுக்கிறான். "பூதம் வெளியிலயே உக்காந்திருக்கட்டும்."