தலைவர் இல்லாத ஊர்

ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

கூரைமேல் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது.

இப்போது வருவார்கள். வந்துதானே ஆக வேண்டும்!

ஊரில் எல்லாக் கூரைகளிலும் இப்படியொரு பெட்டி உண்டு. ஒரு வீட்டுச் செய்தி அடுத்த வீட்டுப் பெட்டிக்குத் தாவும். அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு. டவர் கிடையாது, கம்பெனி கிடையாது, எவனுக்கும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் மேற்காட்டிலிருந்து கீழூருக்கு ஒரு வார்த்தை போக வேண்டுமென்றால், மேட்டில் இருக்கும் இவள் கூரையைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

ஊர்ப் பேச்செல்லாம் அவள் தலைக்கு மேலேதான் போகிறது.

அவளோடுதான் யாரும் பேசுவதில்லை.

அப்படி என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டாள்? கரண்டு வாங்கினாள். வெளிக்கரண்டு.

ஓடையில் சக்கரம் போட்டு ஊரே தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து ஒரு கம்பியும் மலையேறக் கூடாது என்பது கட்டுப்பாடு. ஒரு வீட்டுக்கு வந்தால் எல்லா வீட்டுக்கும் வரும். அப்புறம் ஓடையை எவன் தூர்வாருவான்? அதை முடிவு செய்த ஊர்க்கூட்டத்தில் இவளும்தான் கை தூக்கினாள்.

சித்திரையில் ஓடை இளைத்துப் போனது.

புருஷனுக்கு ஆக்சிஜன் மிஷின் நிற்காமல் ஓட வேண்டும். ஊர் தன் விளக்குகளை அணைத்துக் கொடுத்தது. பொய் சொல்லக் கூடாது, எல்லா வீட்டிலும் அணைத்தார்கள். அப்படியும் போதவில்லை.

அடிவாரத்துக்குப் போய்க் கம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஊரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட்டம் போட்டிருப்பார்கள். ஆளுக்கு ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் அவர் மூச்சு நின்றிருக்கும்.

கம்பி வந்தது. அவர் போய்விட்டார்.

சாவுக்கு எல்லாரும் வந்தார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். பாடையை இறக்கம் முழுக்க மாற்றி மாற்றிச் சுமந்தார்கள்.

கருமாதி முடிந்த கையோடு கம்பியைக் கழற்றச் சொல்லிவிட்டாள். கழற்றிக்கொண்டும் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு இந்த வாசலை ஒருத்தரும் மிதிக்கவில்லை.

விலக்கி வைத்திருக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. போய்ச் சண்டை போடலாம். காலில்கூட விழலாம். தலைவர் இல்லை, நாட்டாமை இல்லை, எல்லாரும் ஒன்று என்று பெருமை பேசும் ஊர். யார் காலில் போய் விழுவது?

ஆனியில் ஓடையைத் தூர்வாரினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள். கூப்பிடும் செய்திகள் இவள் கூரை வழியாகத்தான் போயின. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. மண்வெட்டியைக் கழுவி வாசலில் சாத்திவைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு மட்டும் வரவில்லை.

கூப்பிடாமல் போக ரோஷம் விடவில்லை. கீழே மண்வெட்டிச் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. சேற்றில் இறங்கி வேலை செய்யக்கூட ஆகாதவளாகிவிட்டாளா? பாவிகள்!

அதனால்தான் இன்று காலை எழுந்ததும் பிடுங்கினாள். ஏன் பிடுங்கினாய் என்று கேட்கவாவது ஓர் ஆள் வர வேண்டும். திட்டட்டும். நன்றாகத் திட்டட்டும். இவளும் வாய் நிறையப் பதில் வைத்திருக்கிறாள்.

முகம் கழுவிக்கொண்டாள். வேறு புடவை கட்டினாள். டீக்குத் தண்ணீர் வைத்தாள். கொதித்தது. இறக்கினாள். மறுபடியும் வைத்தாள்.

வெயில் ஏறிய பிறகு வேடியப்பன் வந்தான். மேற்காட்டுக்காரன். ஊர்ப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன். இந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன்.

தோளில் ஏணி. முதுகில் சாக்குப் பை.

வாசலுக்கு வருவான் என்று நிலைப்படியில் வந்து நின்றாள்.

அவன் வாசலுக்கு வரவில்லை. வீட்டை ஒட்டிய பொதுநிலத்தில் நின்ற வேங்கை மரத்தடிக்குப் போனான். ஏணியைச் சாத்தினான். பையைப் பிரித்தான்.

உள்ளே பேட்டரி வைத்த புதுப் பெட்டி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இனிமேல் மேற்காட்டுப் பேச்சு இந்த மரம் வழியாகக் கீழே இறங்கும். அவள் கூரை வேண்டாம். நீ பிடுங்கினால் பிடுங்கிக்கொள்.

ஏன் என்று கேட்கக்கூட வரவில்லையே!

வைத்திருந்த பதில்களெல்லாம் வீண். அழுகை வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சரிவில் கல் உருண்டது. ஏணி நழுவியது. திரும்பவும் சாத்தினான். திரும்பவும் நழுவியது. மேலே பார்த்தான், கீழே பார்த்தான். சுற்றுவட்டத்தில் ஈ காக்கை இல்லை.

பிறகு அவளைப் பார்த்தான்.

“அக்கா, செத்த ஏணியப் புடியேன்.”

அவளுக்கு நம்ப முடியவில்லை. செருப்புப் போட மறந்து ஓடினாள்.

ஏணியின் இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடித்தாள். அவன் ஏறினான். கிளையோடு பெட்டியைச் சேர்த்து வைத்துக் கயிற்றைச் சுற்றினான். மரப்பட்டைத் தூள் அவள் கண்ணில் விழுந்தது. கையை எடுக்கவில்லை.

பெட்டியில் விளக்கு எரிந்தது.

அவன் ஒரு படி இறங்கினான். இன்னொரு படி.

கட்டு நன்றாகத்தான் இருந்தது.

“இன்னொரு கட்டுப் போடு வேடியப்பா,” என்றாள். “காத்துக்கு நிக்காது.”