டேங்கில் நின்ற கறை

அண்ணன் இறந்தபின் மூலையில் கிடந்த பைக்கில் இனி தானே வேலைக்குப் போவதாக அண்ணி சொன்னாள். நான் மெக்கானிக் என்பதால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெட்ரோல் டேங்கைக் கழற்றி, வினிகரும் ஒரு பிடி நட்டுகளும் போட்டுக் குலுக்கினேன். துரு காப்பி நிறத்தில் கொட்டியது. அலசிவிட்டு உள்ளே டார்ச் அடித்தேன். எங்கும் பளபளப்பு, அடியில் மட்டும் துருவாலேயே பதிந்த ஒரு கை, ஐந்து விரலும் விரிந்து. டேங்கின் வாயில் இரண்டு விரல்தான் நுழையும்.

“என்னப்பா முழிக்கிற?” என்றாள் அண்ணி.

“கொஞ்சம் கறை நிக்குது அண்ணி.”

மறுபடி வினிகர் ஊற்றிக் குலுக்கினேன். கை அழியவில்லை; வாய்க்கருகே ஏறியிருந்தது. அவசர அவசரமாக மூடியைத் திருகினேன்.

அண்ணி டேங்கை மடியில் வாங்கி மூடியைத் திறந்தாள்.

“மூடாதப்பா. உங்கண்ணனுக்கு இருட்டுன்னா ஆகாது.”