கடலட்டைப் படம்

பேதுரு மோட்டார் சைக்கிள் திறப்பை வாசலில் நின்றபடியே எறிந்தான்.

"கவனமா வை. துலைச்சுப்போட்டு என்னைத் தேட வைக்காதை."

நிரோஜினி ஒரு கையால் அதைப் பிடித்தாள். மற்றக் கையெல்லாம் மீன் செதிள். அவன் சிரித்துக்கொண்டு தம்பி கனிசியஸோடு படகை நோக்கி நடந்தான்.

கடலட்டை பிடிப்பதுதான் அவனுடைய தொழில். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலின் அடிவரை போவான்.

அன்று போனவன் மேலே வரவில்லை.

கனிசியஸ் படகில் காத்திருந்தான். பிறகு கத்தினான். பிறகு பருத்தித்துறைப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. கடற்படையும் தேடியது. ஒரு துண்டுத் துணிகூட அகப்படவில்லை.

கார்த்திகை பிறந்தது. செத்தவர்களின் பெயர்களைக் கோயிலில் வாசித்து மன்றாடும் மாதம். பேதுருவின் பெயரையும் தரச்சொல்லி ஃபாதர் ஆளனுப்பினார். மாமியார் அழுது கேட்டாள்.

நிரோஜினி கொடுக்கவில்லை. கொடுத்தால் அவனை அந்தக் கடலடியிலேயே விட்டுவிட்டதாக ஆகிவிடும். எப்படிப்பட்ட இடம் என்றுகூடத் தெரியாத ஓர் இடத்தில் அவனை விடுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தக் கிழமைதான் பங்கு மண்டபத்தில் படம் போட்டார்கள். கம்பஸில் படிக்கும் கஜானன் எடுத்தது. கடலட்டையைப் பற்றிய படம்.

"அண்ணி, அவிச்சு நாறின சாமானை நாங்கள் காணாததே? அதைப் போய்ப் படத்திலையும் பாக்கவேணுமே?" என்றான் கனிசியஸ்.

அவளுக்கும் அந்தப் பிராணியைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் கஜானன் படம் எடுத்தது பேதுரு இறங்கிய அதே கடலில், அவன் போன பிறகு. அவள் அட்டையைப் பார்க்கப் போகவில்லை. அட்டைக்குப் பின்னால் தெரியப்போகும் தரையைப் பார்க்கப் போனாள்.

கனிசியஸுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். அவனும் கூட வந்தான்.

திரையில் முதலில் வெறும் மணல். பிறகு மணலின் மேல் கறுப்பாக ஒன்று.

"உது அட்டையோ, இல்லாட்டி ஆரும் வெளிக்கு இருந்துபோட்டுப் போனதோ?"

பின்வரிசையில் யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது.

நிரோஜினியின் கண்கள் திரையின் ஓரங்களில் இருந்தன. மணல். பாசி. கல். மறுபடி மணல். கமரா திரும்பும் ஒவ்வொரு முறையும் அவள் மூச்சை நிறுத்தினாள்.

வலது மூலையில் நீலமாக ஏதோ தெரிந்தது.

பேதுரு காலில் மாட்டும் இறப்பர்ச் செட்டை நீலம்.

கனிசியஸின் விரல்கள் முன்கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்தன. கமரா அதைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. மெல்ல மெல்லக் கிட்டப் போனது. பாதி மணலுக்குள் புதைந்து கிடந்தது.

உடைந்த பிளாஸ்ரிக் வாளி.

கனிசியஸ் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. அவள் விடவில்லை.

இப்போது திரை முழுக்க அட்டை. சொறிபிடித்த தோல். கண்ணில்லை, முகமில்லை. வாய் இருந்த பக்கத்தில் மட்டும் நனைந்த பூப்போலச் சில விரல்கள்.

கஜானனின் குரல் சொன்னது: கடலின் அடியில் வந்து விழும் இலை, செத்த மீன், அழுகியது எல்லாம் மணலோடு கலந்துபோகும். அட்டை அந்த மணலைத் தின்னும். தின்றுவிட்டுச் சுத்தமான மணலாக வெளியே விடும்.

வந்து விழும் எல்லாம்.

கனிசியஸ் கதிரையிலிருந்து அரைவாசி எழுந்துவிட்டான். "வாங்கோ அண்ணி, போவம்."

அவள் அசையவில்லை.

அட்டை எதையும் கடிக்கவில்லை. எதையும் கிழிக்கவில்லை. கண் தெரியாத ஒருத்தி பிள்ளையின் முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல, மணலைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அது போன வழி வெள்ளையாகக் கிடந்தது.

யாரோ ஒருவரின் கை வந்து அதைத் தூக்கியது. பயத்தில் அது தன் குடலையே வெளியே தள்ளியது. "சீ!" என்றது மண்டபம்.

நிரோஜினி அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கையை எடுக்கச்சொல்லிக் கத்தவேண்டும் போலிருந்தது. அதை விடு. அது தன்பாட்டில் போகட்டும். அங்கே அதற்கு வேலை கிடக்கிறது.

விளக்குகள் எரிந்தன. கஜானன் முன்னுக்கு வந்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றான். அட்டை எவ்வளவு காலம் உயிர்வாழும் என்று ஒருவர் கேட்டார். அதற்கு அவன் விரிவாகப் பதில் சொன்னான்.

நிரோஜினி எழுந்து நின்றாள். கனிசியஸ் அவளுடைய சேலைத் தலைப்பை மெல்ல இழுத்தான். அவள் அமரவில்லை.

"தம்பி, அங்கை அடியிலை குளிருமோ?"

"அட்டைக்கோ அக்கா?"

இரண்டொருவர் சிரித்தார்கள்.

"இறங்கின ஆளுக்கு."

கஜானன் அவளைப் பார்த்தான். பக்கத்தில் தலைகுனிந்திருந்த கனிசியஸைப் பார்த்தான். அவன் குரல் தாழ்ந்தது.

"இல்லை அக்கா. நாங்கள் இறங்கேக்கை மேலை வாடைக்காத்து, மழை. எல்லாரும் நடுங்கினம். அடியிலை போனால் வெதுவெதுப்பு."

"உண்மையாவோ?"

"உண்மையா அக்கா."

அவள் அமர்ந்தாள். முகத்தைத் துடைத்தாள். பிறகு கனிசியஸின் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"ஃபாதரிட்டைப் பேரைக் குடுத்துவிடு."

பேதுருவுக்குக் குளிர் ஆகாது.