இருபத்திரண்டா, பதின்மூன்றா?

ஷெரீப் ராய்ஸ் டிட்வெல் தொப்பியைக் கழற்றாமல் காபிக் கடைக்குள் நுழைந்ததுமே, மனுஷன் காபி குடிக்க வரவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நேராக மூலை மேஜைக்கு வந்தார். அவரும் தினமும் காலையில் உட்கார்ந்து வெட்டிப்பேச்சு பேசும் மேஜைதான். பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் ஓட்டிஸ், மாட்டுப்பண்ணை கிளைட், ஊர் ஊராய்ப் போய் வேலி போடும் வெண்டல் பூன் மூவரும் முட்டையும் பன்றிக்கறியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பிக்கப் வண்டிகள் மூன்றும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன.

"வெண்டல், எந்திரி. சனிக்கிழமை ராத்திரி அந்தப் பணக்காரன் ஹாலக் வீட்ல தங்க பெல்ட் பக்கிள் அத்தனையும் திருடு போயிருக்கு. பூட்டும் உடையல, நாயும் குரைக்கல. அந்த வீட்டுக்கு வேலி போட்டவன் நீ."

"வேலி போட்டவன்லாம் திருடனா? அந்த ஆளு வீடு எங்க இருக்கு, நான் எங்க இருக்கேன்!"

"போக வர நானூறு மைல்."

"வழியில இருக்கற ரெண்டு பங்க்லயும் கேமரா இருக்கு. என் மூஞ்சி தெரியுதான்னு பாத்தியா?"

"பாத்தேன். தெரியல. நீ எங்கயுமே நிறுத்தல. சனிக்கிழமை சாயங்காலம் நம்ம ஓட்டிஸ்கிட்ட டேங்க் ஃபுல் பண்ணின, இருபத்துநாலு கேலன். ஞாயித்துக்கிழமை காலைல அதே வண்டியில சர்ச்சுக்கு வந்து நின்ன. கேலனுக்கு இருபத்திரண்டு மைல் குடுக்கற வண்டிக்கு அது தாராளமாப் போதும். கணக்கு என்னுது இல்லப்பா. இத்தனை வருஷமா இதே மேஜையில நீயே சொல்ற கணக்கு."

வெண்டலின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

டெக்சாஸில் பிக்கப் வைத்திருப்பவன் மைலேஜ் சொன்னால் அதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பதுதான் வழக்கம். ஓட்டிஸ் இருபது என்பான். கிளைட் நாலு மாட்டை ட்ரெய்லரில் இழுத்துக்கொண்டே பத்தொன்பது என்பான். ஷெரீப் மட்டும் சளைத்தவரா? பதினெட்டு என்று கூசாமல் சொல்லிவிட்டு, வாரத்துக்கு மூன்று தடவை அரசாங்கக் கணக்கில் பெட்ரோல் ரொப்பிக்கொள்வார். வெண்டலின் இருபத்திரண்டைக் கேட்டால் மட்டும், புளுகுக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று மேஜையே சிரிக்கும்.

ஷெரீப் குரலைத் தணித்தார். கூட உட்கார்ந்து காபி குடித்தவனுக்கு விலங்கு மாட்ட அவருக்கும் மனசில்லை.

"இதோ பாருடா. நீ சொன்னது நிஜம்னா நீ திருடன். புளுகுன்னா, வண்டி பாதி வழியிலயே படுத்திருக்கும், நீ அந்த வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கவே முடியாது. எதுன்னு நீயே சொல்லிடு."

"வக்கீல் வெச்சுப் பேசறேன்."

"வக்கீலா வந்து உன் மைலேஜைச் சொல்லுவாரு?"

வெண்டலின் காது இரண்டும் சிவந்துவிட்டன. "அப்போ இவங்கள எல்லாம் வெளிய போகச் சொல்லு."

"என் கடையை விட்டு நான் எங்கப்பா போறது?" என்றாள் கடைக்கார மாவிஸ், காபிக் கூஜாவும் கையுமாக. "சும்மா சொல்லு. ஊர்ல உலகத்துல நடக்காததா?"

"பத்து வருஷம் உள்ள இருக்கணும்டா!" ஓட்டிஸ் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "மானத்தைப் பாக்கற நேரமா இது?"

வெண்டல் வாயைத் திறந்தான், மூடினான். "எதிர்க்காத்து அடிச்சா..."

"காத்தை விடு. எவ்வளவு?"

"பதி..."

"பதினேழா?" என்று ஷெரீப் பரிவோடு எடுத்துக்கொடுத்தார்.

"பதின்மூணு," என்று சொல்லிவிட்டு, ஆறடி உயர மனுஷன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான்.

கிளைட் எழவு வீட்டில் கழற்றுவதுபோலத் தொப்பியைக் கழற்றினான்.

"அழாதடா வெண்டலு. என்னுது பன்னெண்டுதான்," என்றான். ஓட்டிஸ் தரையைப் பார்த்துக்கொண்டே தன்னுடையதும் அதேதான் என்றான். ஷெரீப் தொண்டையைக் கனைத்தார். "எனக்குப் பதினொண்ணு." அது எங்களுக்குத் தெரிந்ததுதானே என்பதுபோல மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பாத்துட வேணாமா?" என்றாள் மாவிஸ்.

"அட போம்மா! பிக்கப் வெச்சிருக்கறவன் மைலேஜைக் கூட்டிச் சொல்லுவான். நாலு பேர் முன்னாடி குறைச்சுச் சொன்னவன் இன்னும் பொறக்கல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" ஷெரீப் விலங்கை இடுப்பில் செருகிக்கொண்டு, வெண்டலுக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு அவர் மனசு அவ்வளவு லேசாகியிருந்தது.

அந்தப் பலகாரத்தைத் தின்று முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெண்டல் வண்டியை எடுத்தான். மற்றவர்களைப்போல அவன் பறப்பதில்லை. வேகமுள்ளை என்றைக்கும் ஐம்பத்தைந்தைத் தாண்ட விட்டதில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்ட, ஊருக்குத் தெற்கே பாலத்தடியில் புதைத்து வைத்திருந்த ஹாலக்கின் பக்கிள்களை எடுக்க உருட்டிக்கொண்டே போனான். அழுகை மட்டும் நடிப்பில்லை. மானமுள்ளவன் வாயால் அந்த எண்ணைச் சொல்ல நேர்ந்தால் அழுகை வரத்தான் செய்யும்.

அந்த மேஜையில் இத்தனை வருஷமாக மைலேஜை உள்ளது உள்ளபடி சொல்லிவந்தவன் அவன் ஒருவன்தான். அவன் சொன்ன முதல் பொய் அந்தப் பதின்மூன்று.