சொன்னதை மட்டும்

மனக்காயத்துக்கான காளான் மருந்துக் குளிசைகளை விழுங்கி இரண்டு மணித்தியாலம் ஆனபோது கிருஷாந் தமிழில் கதைக்கத் தொடங்கினான்.

இராஜேஸ்வரி அவன் படுத்திருந்த சோபாவுக்குப் பக்கத்தில் தன் கதிரையை இழுத்துப் போட்டாள். இதற்காகத்தான் அவளை மில்லிக்கனிலிருந்து இந்தக் கிளினிக்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவனுக்கு எதற்கு மொழிபெயர்ப்பாளர் என்று முதலில் அவளும் சிரித்தவள்தான். எட்டு வயதில் கனடாவுக்கு வந்தவன். கனடிய இராணுவத்தில் பதினொரு வருடம் இருந்தவன். அவனுடைய ஆங்கிலத்துக்கு முன்னால் அவளுடையது கைகட்டி நிற்க வேண்டும்.

ஆனால் போன மாதம், முதல் தடவை இந்த மருந்தைக் கொடுத்தபோது, அவன் வாயில் ஒரு சொல் ஆங்கிலம் வரவில்லை. நான்கு மணித்தியாலம் தமிழில் அழுதான். பக்கத்தில் இருந்த வைத்தியர் பேர்ணடெற்றும் தாதி அன்ட்ரூவும் ஒன்றும் விளங்காமல் முழித்தார்கள். மருந்து இறங்கியதும் அவனுக்கே எதுவும் நினைவில்லை.

பதினேழு வருடத்துக்கு முன் கந்தகார் போர்முனையில் வீதியோரக் குண்டு வெடித்து மூளை அடிபட்டவன் அவன். அதற்குப் பிறகு அவன் வாயை எதுவும் மூடக் கூடாது. போர்வை கழுத்துக்கு மேலே வந்தால் கத்திக்கொண்டு எழும்புவான். கொரோனாக் காலத்தில் முகக்கவசம் போட முடியாமல் இருந்த வேலையையும் விட்டான். பிக்கரிங்கில் இருக்கும் அம்மா கட்டிப்பிடிக்க வந்தால் இரண்டடி பின்னால் போவான். ஏனென்று அவனுக்குத் தெரியாது. அம்மாவும் கேட்டதில்லை.

வெடித்த அன்று வாய் நிறைய மண் போனதுதான் காரணம் என்று கோப்பில் எழுதியிருந்தது. இரண்டு தடவை சாகப் பார்த்தவன் என்றும் எழுதியிருந்தது. இந்த மருந்துக்கும் கேட்காவிட்டால் அவனுக்குக் கொடுக்க அவர்களிடம் வேறு ஒன்றும் இல்லை.

"அன்ரி, நான் என்ன கூடாத கதை கதைச்சாலும் அப்பிடியே சொல்லிப்போடுங்கோ. மறைச்சா நான் தப்பமாட்டன்," என்று காலையில் அவளிடம் சொல்லியிருந்தான்.

அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாக அகதி விசாரணைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அவள் பார்க்கும் வேலை அதுதான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கவும் கூடாது. அவர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

அடி வாங்கியவனாகவும், களவெடுத்தவனாகவும், பெண்சாதியைக் கடலில் தொலைத்தவனாகவும் பகல் முழுக்கப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பருப்பு வைப்பாள். வேலை முடிந்ததும் கறிவேப்பிலையைப் போல அவளை எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். உன் கதை என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

வெளிச்சம் படாமல் கண்ணைக் கட்டியிருந்த துணிக்குக் கீழே கிருஷாந்தின் உதடுகள் அசைந்தன. அவள் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள்.

நான் பங்கருக்குள் இருக்கிறேன்.

கந்தகார் என்று அன்ட்ரூ குறித்துக்கொண்டார்.

மேலே பனங்குற்றி அடுக்கியிருக்கிறது. எனக்கு ஆறு வயது. அம்மா என்னை மடியில் வைத்திருக்கிறார்.

அன்ட்ரூவின் பேனை நின்றது. பேர்ணடெற் அவரைப் பார்த்தார். இந்தப் பதினேழு வருடமும் எல்லோரும் வேறொரு யுத்தத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

மேலே ஆமி நடக்கிறது. எனக்கு இருமல் வருகிறது. அம்மா என் வாயைப் பொத்துகிறார். மூக்கையும் சேர்த்துப் பொத்துகிறார். மூச்சு வரவில்லை. அம்மா என்னைக் கொல்லப் போகிறார். நான் அவருடைய கையைக் கடிக்கிறேன்.

அவன் உடம்பு ஒரு தடவை வில்லாக வளைந்து, பிறகு தளர்ந்தது. பேர்ணடெற் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பயமில்லை.

இராஜேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய குரல் பழகிய குரல், ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

சப்பாத்துச் சத்தம் சரியாகத் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. பங்கருக்குள் பதினொரு பேர். எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். அழுகை வெளியே கேட்டால் பதினொரு பேரும் முடிந்தோம். நான் இன்னும் இறுக்கிப் பொத்துகிறேன்.

அவனுக்கு மூன்று வயது. கடிக்கத் தெரியவில்லை. காலால் என் வயிற்றில் உதைத்தான். பிறகு உதைக்கவில்லை. அப்பாடா, பிள்ளை அடங்கிவிட்டான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமி போய் வெகுநேரம் கழித்துத்தான் கையை எடுத்தேன்.

அன்ட்ரூ எழுதுவதை எப்போதோ விட்டிருந்தார். பேர்ணடெற் எழுந்து வந்து அவளுடைய தோளில் கை வைத்தார்.

"இராஜேஸ்வரி, அவர் பேச்சை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகிறது," என்றார் மெதுவாக.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு கையை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்தாள்.

கிருஷாந் தூங்கவில்லை. அவள் சொன்ன ஆங்கிலம் முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறான். கட்டிய கண்களோடு முகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

"கையை எடுத்தாப்பிறகு பிள்ளை அழுதவனோ, அன்ரி?"

என்ன கேட்டான் என்று அறிய, வைத்தியரும் தாதியும் வழக்கம்போல் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு வசனத்தை மட்டும் இராஜேஸ்வரி மொழிபெயர்க்கவில்லை.