அழையாமல் வந்த விருந்தாளி

இடித்துக் கரைத்துக் குடிக்கிற கவா வேர்க்கட்டைக் காணிக்கையாக முன்னால் வைத்து அனுமதி கேட்காமல் எங்கள் வீட்டுக்குள் யாரும் நுழைந்ததில்லை. அலையாத்திக் காடுகளை ஆராயத் தலைநகர் சுவாவிலிருந்து வந்த லித்தியாவும் முறைப்படி வேரை வைத்துத்தான் உட்கார்ந்தாள். படித்தவளுக்கும் மரியாதை தெரிந்திருந்தது, அதிசயம்தான்.

“கடல் ஏறுது தாத்தா. காடும் ஊருக்குள்ள நகர்ந்து வருது. நீங்க மேட்டுக்குப் போயிடுங்களேன்.”

“மேடு நவிதலாய் வீட்டு நிலம். அவன்கிட்ட போய் நான் இடம் கேட்கணுமா? அவன் பாட்டன் எங்க வாசல்ல கைகட்டி நின்னவன்!”

“சரி, காடு எதுவரைக்கும் வந்திருக்குன்னு ஒரு கம்பு நட்டுக்கவா?”

“தாராளமா நடு. காட்டுக்குப் பயந்து ஓடற பரம்பரை இல்ல இது.”

அவள் கம்போடு எழுந்து, வாசல் பக்கம் போகாமல் எங்கள் சமையல் மூலைக்குப் போனாள்.

“அங்க எங்க போறே?”

அங்கே புடைத்திருந்த பாயின் ஓரத்தைத் தூக்கினாள். மண் தரையில் ஈரம். நடுவே இரண்டு இலை விட்டு நிமிர்ந்து நின்றது ஓர் அலையாத்திக் கன்று.

என் மனைவி மெரெசியானா சிரித்தாள். “எத்தனை தடவை பிடுங்கினாலும் திரும்ப வந்துடறாரு. வேர் வைக்காம உள்ள வந்த ஒரே விருந்தாளி!”

நான் நிமிர்ந்த முதுகோடு எழுந்து, லித்தியா வைத்த வேர்க்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தேன்.

நவிதலாய் வாசலாகவே இருந்தாலும், வெறுங்கையோடு போய் நிற்கிற பரம்பரை இல்லை எங்களுடையது.