சாகக் கேட்ட செனட்டர்

"என்னைக் கொன்னுடுங்க சார். இந்த மத்தியானமே கொன்னுட்டா ரொம்ப நல்லது."

கதாசிரியர் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்கினார். எதிரே செனட்டர் நின்றுகொண்டிருந்தார். தரையைப் பெருக்கும் சாம்பல் நிற மேலங்கி, தோளில் வெள்ளித்தாள் ஒட்டிய நட்சத்திரம், தொப்பை தெரியாமலிருக்க இடுப்பை இறுக்கிப் பின்னால் நாலு ஊக்கு.

வாரா வாரம் வரும் அந்த விண்வெளித் தொடரில் ஆறு வருஷமாக அவர்தான் நீலக் கிரகத்தின் செனட்டர். கொடுங்கோல் சக்கரவர்த்தியின் கைக்குழந்தையை யாருக்கும் தெரியாமல் தூக்கிவந்து, சொந்த மகள் என்று ஊரை நம்பவைத்து வளர்த்தவர். தெருவில் காய்கறிக்காரர்கூட "என்ன செனட்டர், வெங்காயம் போடவா?" என்றுதான் கேட்பார்.

"எல்லா நடிகரும் என்கிட்ட உயிர்ப்பிச்சை கேட்டு வருவாங்க. நீங்க என்னடான்னா சாவைக் கேட்டு வந்திருக்கீங்க. உட்காருங்க."

"உட்கார்ந்தா ஊக்கு குத்தும். எப்படியும் எங்க கிரகத்தை வெடிக்க வைக்கப் போறீங்கதானே? அதை இன்னிக்கே வச்சுக்கலாமே?"

"கிரகத்துக்கு இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்கு. காயாம எப்படி வெடிக்கறது?"

"சரி, விஷம்?"

"உங்களுக்குப் பரிமாறுற ஆள் பரம விசுவாசி. போன வாரம்தான் அவனுக்குப் பதக்கம் குத்தினீங்க."

"மாரடைப்பு? உங்களுக்குச் சல்லிக்காசு செலவில்ல. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நானே விழுந்துடறேன்."

"கப்பல், லேசர் துப்பாக்கின்னு இவ்வளவு கொட்டிட்டு, செனட்டர் மாரடைப்புல போனாருன்னா ஜனங்க டிவியை உடைப்பாங்க."

"கடைசி விலை. கோமா. ரெண்டே வாரம்."

"முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க. சரக்கைப் பார்க்காம நான் விலை பேசறதில்ல."

செனட்டர் கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். கதை வெளியே கசியக் கூடாதென்று அந்தத் தொடரில் நடிகர்களுக்கு அவரவர் வசனத்தை மட்டும்தான் கொடுப்பார்கள். எதிராளி என்ன பதில் சொல்வார் என்பது கேமரா ஓடும்போதுதான் தெரியும். அவருடைய தாளில் அன்றைக்கு ஒரே வரி. 'கண்ணு, நான் உன்னைப் பெத்த அப்பா இல்ல.'

"இந்த வரி எனக்கு வராது சார்."

"செவ்வாய்க்காரன் பாஷையெல்லாம் பேசினீங்க. தாய்மொழி வராதா?"

"என் பொண்ணும் நாங்க எடுத்து வளர்த்தவதான்." குரல் தானாக இறங்கியது. "அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் சேரட்டும், சொல்லலாம்னு இருந்தோம். அப்புறம் பரீட்சை முடியட்டும்னோம். இப்போ காலேஜே முடிக்கப் போறா. என் சம்சாரம் 'சொல்லித் தொலைங்களேன்'னு தினமும் அரிக்கறா. எனக்குத்தான் வாய் வரல."

"அதுக்கும் இதுக்கும்?"

"நம்ம தொடர்ல எல்லாரும் சண்டையைப் பார்ப்பாங்க, அவ என் மூஞ்சியைத்தான் பார்ப்பா. 'அப்பா, இந்த இடத்துல நீங்க நடிக்கல, நெஜமாவே கோவம் வந்துடுச்சு'ம்பா. சரியா இருக்கும். நான் இந்த வரியைச் சொன்னா அடுத்த நொடியே பிடிச்சுடுவா. ஊரே பார்க்கறப்பவா சார் அவளுக்கு இது தெரியணும்? அப்புறம் அவ என்னை அப்பான்னு கூப்பிடலேன்னா?"

கதாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"வரியை மாத்த முடியாது. ஏன்னு கேக்காதீங்க."

"கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம். உங்ககிட்ட ஒரு மாரடைப்பு வாங்க முடியல!"

மேலங்கி கதவிடுக்கில் சிக்க, அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு செனட்டர் அரங்குக்கு நடந்தார்.

விளக்குகள் எரிந்தன. இளவரசியாக நடிக்கும் பெண் சூயிங்கத்தைத் துப்பிவிட்டு வந்து எதிரில் நின்றாள். கேமரா ஓடியது. செனட்டர் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது முறை வரி வந்தது. முடிவதற்குள் குரல் உடைந்துபோனது. அதில் துளி நடிப்பு இல்லை.

இளவரசி அவர் கையைப் பிடித்தாள்.

"தெரியும்ப்பா. சின்ன வயசுலேயே தெரியும். நம்ம வீட்டுல ஒருத்தருக்கும் இல்லாத இந்தச் சுருட்டை முடி எனக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். அன்னிக்கு முழுக்க அழுதேன். மறுநாள் காலையில நீங்க பக்கத்துல உட்கார்ந்து, 'வலிக்குதா, வலிக்குதா'ன்னு கேட்டுக்கேட்டு என் தலையில சிக்கு எடுத்துவிட்டீங்க. அதோட அழுகை நின்னுடுச்சு. எனக்கு அப்பா நீங்கதான். சொல்ல முடியாம நீங்க தவிக்கறதைத்தான் பார்க்க முடியல."

"கட்! கட்!" டைரக்டர் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "யாருய்யா இதை எழுதினது? இளவரசிக்கு முடி ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா தொங்குது. சுருட்டை முடியாம், சிக்காம்!"

அரங்கமே சிரித்தது. செனட்டர் மட்டும் தம் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எத்தனையோ வருஷமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விடுபவர்போல ஒரு பெருமூச்சு விட்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கண்ணீர் மேக்கப்பில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

கதாசிரியர் தலையைச் சொறிந்தபடி முன்னால் வந்தார்.

"மாத்தணும்னு நினைச்சேன் டைரக்டர், மறந்துட்டேன். போன மாசம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, 'எங்க அப்பாவால நேர்ல சொல்ல முடியாது சார், உங்க தொடர்லயாவது சொல்ல வைங்க, பதிலை நானே தர்றேன்'னு இந்த வசனத்தைச் சொல்லிட்டுப் போன பொண்ணுக்குச் சுருட்டை முடி!"